பட்டுப்புழு சொல்லும் பரம்பரைக் கணக்கு

காஞ்சிபுரம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, விண்ணை முட்டி நிற்கும் கோயில் கோபுரங்கள். மற்றொன்று, பட்டுச் சேலை. மணவீடு எந்தச் சமயத்தவருடையதாயினும் மணப்பெண்ணுக்குக் காஞ்சிப் பட்டு ஒன்றாவது எடுத்தாக வேண்டும் என்பது தமிழகத்தில் எழுதாத சட்டம். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறியின் ஓசை கேட்டபடியே நடந்து சென்று, கரையின் அகலத்தையும் முந்தியின் வேலைப்பாட்டையும் சரிகையின் எடையையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் அந்தப் பட்டு நூல் பிறந்த இடத்தைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காஞ்சியில் நெய்யப்படும் நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும் உழவர்கள் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். அரைக் கிலோ நூல் எடுக்க ஏறத்தாழ 2,000 கூடுகள் வேண்டும். அந்த 2,000 புழுக்களும், ஒவ்வொன்றும் தொடக்கத்தில் ஒரே ஒரு செல்லாக இருந்தவை. நீங்களும் நானும் அப்படித்தான் தொடங்கினோம்.

'புழுவின் கதை குடும்பப் பத்திரிகைக்கு எதற்கு?' என்று சகோதரிகள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டது என்பதற்காக மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய மாமியார்களை நாம் அறிவோம். ஆண் வாரிசு வேண்டுமென்று மறுமணத்துக்குப் பெண் தேடியவர்களையும் அறிவோம். அந்த மருமகளின் வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியது செல்தான். ஆகவே, சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது. இப்படியே பெருகித்தான் ஓர் உடல் உருவாகிறது. இதைப் பானையில் உள்ள மாவை இரண்டு பாத்திரங்களில் பங்கிடுவது போன்ற வேலை என்று எண்ணிவிடக் கூடாது. மாவைப் பங்கிட்டால் ஒவ்வொரு பாத்திரத்திலும் பாதிதான் இருக்கும். செல் பிரியும்போதோ இரண்டு பிள்ளைச் செல்களுக்கும் முழுச் சொத்தும் கிடைக்கிறது. இது எப்படி இயலும்?

காஞ்சித் தறிக்கே செல்வோம். தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோக்கப்பட்டு அதில் தொங்கும். எந்த இடத்தில் துளை இருக்கிறதோ அதற்கேற்பப் பாவு இழை மேலே எழும். நாடா ஊடையைக் கொண்டு செல்லும். மாங்காயும் அன்னமும் மயிலும் சேலையில் மலரும். மயிலின் உருவம் அட்டையில் இல்லை. துளைகளின் வரிசைதான் இருக்கிறது. பிரான்சு நாட்டின் ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டில் அமைத்த முறை இது. இப்போது பல தறிகளில் அட்டையின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டு வருகிறது. ஒரு குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் தனித்தனியே தறி போடும்போது அட்டை மாலையைப் பாதியாக அறுத்துக்கொள்ள முடியுமா? முடியாது. முதலில் அட்டை ஒவ்வொன்றுக்கும் படி எடுத்தாக வேண்டும். பிறகுதான் பிரிவினை.

செல்லும் இதைத்தான் செய்கிறது. அதன் நடுவே உள்ள உட்கருவில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. நான்கே எழுத்துகளைக் கொண்ட மொழியில் எழுதப்பட்ட ஓலை அது. மனிதனின் ஒரு தொகுதியில் ஏறத்தாழ 320 கோடி எழுத்துகள். பட்டுப்புழுவுக்கு ஏறத்தாழ 46 கோடி. நம்முடைய ஒரு செல்லில் உள்ள இழைகளை நீட்டிக் கோத்தால் இரண்டு மீட்டர் நீளம் வரும். செல் பிரிவதற்கு முன் இந்த இழை முழுவதற்கும் படி எடுக்கப்படுகிறது. பின்னர் இழைகள் சுருண்டு, தடித்து, குட்டைக் குச்சிகள் போல ஆகின்றன. இவையே குரோமோசோம்கள். அவை செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும். இருபுறத்திலிருந்தும் மெல்லிய நூல்கள் வந்து, அசல் ஒன்றும் படி ஒன்றுமாகப் பிரித்து எதிரெதிர்த் திசைகளில் இழுத்துக்கொள்ளும். செல் நடுவில் ஒடுங்கிப் பிரியும். ஒரு செல் இரண்டாயிற்று. ஜெர்மானிய அறிஞர் வால்ட்டர் ஃபிளெமிங், சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற நீர்நில உயிரியின் செல்களுக்குச் சாயமேற்றி இந்தக் காட்சியைப் படிப்படியாக வரைந்து 1882இல் நூலாக வெளியிட்டார்.

படி எடுக்கும்போது பிழை நேராதா? நேரும். பெரும்பாலான பிழைகளைச் செல்லே கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறது. திருத்தப்படாமல் எஞ்சுபவை சேர்ந்து, 'இனிப் பிரியாதே' என்ற கட்டளையையே அழித்துவிட்டால், அந்தச் செல் நிறுத்தமின்றிப் பெருகத் தொடங்குகிறது. புற்றுநோய் என்பது அதுதான். காஞ்சியில் பிறந்து, அந்நகராட்சியில் எழுத்தராகவும் சிறிது காலம் பணியாற்றி, தமிழகத்தின் முதலமைச்சராக உயர்ந்த அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3இல் இந்நோயால் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய அரசு புற்றுநோய் மருத்துவமனை அதே ஊரின் காரைப்பேட்டையில் இயங்கி வருகிறது.

இனிப் பட்டுப்புழுவின் வியப்புக்கு வருவோம். முட்டையிலிருந்து வெளிவரும்போது அது எறும்பைவிடச் சிறியது. நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ 25 நாள்களில் எடையில் பத்தாயிரம் மடங்கு வளர்ந்துவிடுகிறது. அதன் உடலின் இருபுறமும் நீண்ட பட்டுச் சுரப்பி ஒவ்வொன்று உண்டு. அச்சுரப்பியில் உள்ள செல்களின் எண்ணிக்கையோ சில நூறுகள்தாம். புழு முட்டைக்குள் இருக்கும்போதே அச்செல்கள் பிரிந்து முடித்துவிடுகின்றன. அதற்குப் பிறகு அவை பிரிவதே இல்லை! ஆனால் படி எடுப்பதை மட்டும் நிறுத்துவதில்லை. ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, பதினேழு பதினெட்டு முறை இப்படியே அட்டைகளை ஒரே அறைக்குள் அடுக்கிக்கொண்டே போகின்றன. முடிவில் ஒவ்வொரு செல்லிலும் இலட்சக்கணக்கான படிகள் குவிந்துவிடுகின்றன. உட்கரு கிளைவிட்ட மரம்போல் விரிகிறது. இத்தனை அட்டைகளையும் ஒரே நேரத்தில் வாசித்துத்தான், அந்தச் சின்னஞ்சிறு உயிர் சில நாள்களுக்குள் ஆயிரம் மீட்டர் நீள இழையைச் சுரந்து தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது.

இவ்வளவு பட்டு சுரப்பதற்காகப் பட்டுக்கான மரபணுவை மட்டும் புழு தனியே பெருக்கிக்கொள்கிறதோ என்று அறிவியலாருக்கு ஐயம் இருந்தது. சுசுகி, பிரவுன் ஆகியோர் 1972 வாக்கில் செய்த ஆய்வுகள் அப்படி அன்று எனக் காட்டின. ஒரு டிசைனுக்காக முழு நூலகத்தையே படியெடுக்கும் ஊதாரித்தனம் இது! அந்த ஊதாரித்தனத்தைத்தான் நாம் சேலையாக உடுத்துகிறோம்.

பட்டுப்புழு வளர்க்கும் உழவரிடம் சென்று, 'உங்களிடம் நல்ல கூடுகள் இருக்கின்றனவே, அவற்றிலிருந்து அந்துப்பூச்சிகளை வெளிவரவிட்டு நீங்களே முட்டை எடுத்துக்கொள்ளலாமே. ஒவ்வொரு முறையும் வித்தகத்தில் காசு கொடுத்து ஏன் வாங்குகிறீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். 'அடுத்த தலைமுறை ஒன்றுபோல் வராது' என்பார். அந்த ஒரு வரி விடையில் பரம்பரை அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதை முறையாக எடுத்துக்காட்டியவர் ஜப்பானியரான தொயாமா கமெதாரோ. சயாம் நாட்டு அரசின் அழைப்பில் அங்கே சென்று பணியாற்றியவர். மஞ்சள் கூடு கட்டும் இனத்தையும் வெள்ளைக் கூடு கட்டும் இனத்தையும் அவர் இணைத்தார். முதல் தலைமுறை முழுவதும் மஞ்சள். அந்தப் பிள்ளைகளைத் தமக்குள் இணைத்தபோது, மறைந்துபோன வெள்ளை திரும்ப வந்தது. மூன்று மஞ்சளுக்கு ஒரு வெள்ளை என்ற கணக்கில் வந்தது. பட்டாணிச் செடிகளில் மெண்டல் கண்ட அதே கணக்கு. மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதற்கு 1906இல் வெளியான தொயாமாவின் ஆய்வு தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று. முதல் தலைமுறைக் கலப்பினம் பெற்றோரைவிட நன்றாக வளர்வதையும் கண்டு, அதையே வளர்ப்போருக்குக் கொடுக்கலாம் என்றார் அவர். இன்று நம் உழவர் வாங்கும் கலப்பின முட்டைக்கும் அதுவே அடிப்படை.

காரணம் என்ன? உடலில் உள்ள செல்கள் பிரியும்போது முழுப் படியும் கிடைக்கிறது என்றேன். முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது மட்டும் முறை வேறு. அங்கே குரோமோசோம்கள் இணை இணையாக நின்று, ஒவ்வோர் இணையிலும் ஒன்றே ஒன்று செல்கிறது. அத்தாவிடமிருந்து வந்ததா, அம்மாவிடமிருந்து வந்ததா என்பது ஒவ்வோர் இணைக்கும் தனித்தனிச் சீட்டுக் குலுக்கல். பட்டுப்புழுவுக்கு 28 இணைகள். ஆகவே 26 கோடிக்கும் மேற்பட்ட வகைகளில் சீட்டு விழலாம். மனிதருக்கு 23 இணைகள். ஏறத்தாழ 84 இலட்சம் வகைகள். போதாததற்கு, நம்முடைய இணைகள் பிரிவதற்கு முன் தங்களுக்குள் துண்டுகளையும் மாற்றிக்கொள்கின்றன. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த நான்கு பிள்ளைகளும் நான்கு விதமாக இருப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

மனிதருக்குக் குரோமோசோம்கள் 46தாம் என்று உறுதியானது 1956இல்தான். அதுவரை 48 என்றே பாடநூல்கள் எழுதிவந்தன. எண்ணுவதில் என்ன கடினம் என்பீர்கள். குவித்துப் போட்ட நூலை எண்ண முடியுமா? ஸ்வீடனில் ஆய்ந்த ஜியோ, லெவான் இருவரும் கால்ச்சிசின் என்னும் மருந்தை இட்டார்கள். குரோமோசோம்களை இழுக்கும் நூல்களை அது செயலற்றதாக்கிவிடும். செல் பிரிய முடியாமல் பாதியில் நிற்கும். குச்சிகளைப் பரப்பிவைத்து எண்ணிவிடலாம். இந்தக் கால்ச்சிசினைத் தரும் ஒரு செடியின் உறவு யூனானி ஹகீம்களுக்குப் பழையது. மூட்டுவலிக்கு அவர்கள் கொடுக்கும் சூரிஞ்சான் அதுவே. இப்னு சீனாவும் தம் மருத்துவ நூலில் அதைக் குறித்திருக்கிறார். நம் தமிழகத்தின் மாநில மலரான செங்காந்தளிலும் அதே பொருள் உண்டு. கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் அதை விதைக்காகப் பயிரிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். கொடிய நஞ்சு அது. கைவைத்தியமாக யாரும் தொட வேண்டாம்.

இப்போது வழக்குக்கு வருவோம். பிறப்பது ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது யார்?

பட்டுப்பூச்சியிடம் கேட்டால், 'தாய்தான்' என்று சொல்லும். அது உண்மையும் ஆகும். ஆண் பூச்சியிடம் ஒரே மாதிரியான இரண்டு பால் குரோமோசோம்கள் உள்ளன. இரண்டையும் இசட் என்பார்கள். பெண்ணிடம் ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் உள்ளன. தாய் இடும் முட்டைகளில் பாதி இசட்டையும் பாதி டபிள்யூவையும் தாங்குகின்றன. டபிள்யூ விழுந்த முட்டை பெண்ணாகிறது. அந்த டபிள்யூவில் பெண்மையைத் தூண்டும் பொருள் எது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் கண்டுபிடித்தார்கள். ஆண் புழு தான் உண்ட இலைக்குக் கூடுதலாகப் பட்டுத் தருவது என்பதால் வளர்ப்போருக்கு ஆண் மீதுதான் ஆசை. ஆகவே 1940களில் தாஜிமா என்ற ஜப்பானிய அறிஞர் எக்ஸ் கதிரைப் பயன்படுத்தி, புழுவின் உடற்கோட்டுக்குரிய மரபணுவை டபிள்யூவில் ஒட்டவைத்து, பெண் புழுவைப் பார்த்தவுடனே அடையாளம் காணும் இனத்தை உருவாக்கினார். ஆண் ஆசை புழுக்கூடையையும் விட்டுவைக்கவில்லை!

மனிதரிடம் இந்தக் கணக்கு தலைகீழ். தாயிடம் இருப்பவை இரண்டும் எக்ஸ். அவள் தரும் கருமுட்டை ஒவ்வொன்றிலும் எக்ஸ்தான் இருக்க முடியும். வேறொன்றைத் தர அவளிடம் இல்லவே இல்லை. தந்தையிடம் ஓர் எக்ஸும் ஒரு ஒய்யும் உள்ளன. அவனுடைய விந்தணுக்களில் பாதியில் எக்ஸ், பாதியில் ஒய். எக்ஸ் தாங்கியது முந்தினால் மகள். ஒய் தாங்கியது முந்தினால் மகன். பெண் பிள்ளை பிறந்தால், அதற்குரிய சீட்டு கணவனிடமிருந்து வந்தது. அதற்காகக் கணவனைக் குற்றக் கூண்டில் ஏற்றவும் இடமில்லை. எந்த விந்தணு முந்தும் என்பது அவன் கையிலும் இல்லை. முதல் மூன்றும் பெண் என்பதால் நான்காவது ஆணாகும் வாய்ப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. நாணயத்துக்கு நினைவாற்றல் கிடையாது.

இந்த உண்மையைக் கண்டவர் ஒரு பெண்மணி என்பது குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் நெட்டி ஸ்டீவன்ஸ், மாவில் விழும் வண்டினப் புழுவின் செல்களை ஆராய்ந்து, ஆணிடம் மட்டும் ஒரு சிறிய குரோமோசோம் இருப்பதையும், பிள்ளையின் பாலைத் தீர்மானிப்பது அதுவே என்பதையும் 1905இல் எழுதினார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் தனியே இதே முடிவுக்கு வந்தார். பாடநூல்களில் நெடுங்காலம் வில்சனின் பெயரே முன்னால் நின்றது. ஸ்டீவன்ஸ் அம்மையார் மார்பகப் புற்றுநோயால் 1912இல், தம் 50ஆம் வயதில் மறைந்தார்.

நூறு ஆண்டுகளுக்கும் மேலாகியும் இந்தச் செய்தி நம் அடுக்களைகளை எட்டவில்லை. சேலம், தருமபுரி, மதுரைப் பகுதிகளில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட கொடுமைக்காக 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர நேர்ந்தது. கருவிலேயே பாலைக் கண்டறிந்து கலைப்பதைத் தடுக்க 1994இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது; 2003இல் அதை மேலும் கடுமையாக்கியது. ஸ்கேன் செய்யும் மருத்துவர், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதும் குற்றம். அதைக் கேட்டு வற்புறுத்தும் கணவனும் உறவினரும் தண்டனைக்குரியவர்களே.

தாயின் கருமுட்டையைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஒரு பெண் குழந்தை கருவில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அதன் சூலகத்தில் அறுபது எழுபது இலட்சம் முட்டைச் செல்கள் உருவாகிவிடுகின்றன. அவை குரோமோசோம்களைப் பங்கிடும் வேலையைத் தொடங்கி, பாதியில் நிறுத்திக் காத்திருக்கின்றன. பிறக்கும்போது பத்து இருபது இலட்சமே எஞ்சும். பருவமடைந்த பின்னர் மாதத்துக்கு ஒன்றாக, வாழ்நாளில் நானூறு அளவில்தான் விழித்தெழுந்து அந்த வேலையைத் தொடரும். அப்படியானால் உங்களை உருவாக்கிய கருமுட்டை தோன்றியது எப்போது? உங்கள் தாய் தம் தாயின் வயிற்றில் இருந்தபோது! உங்கள் நன்னிமா தம் மகளைச் சுமந்த நாளிலேயே உங்களில் பாதியையும் சுமந்திருக்கிறார்.

இருபது வயதில் விழித்த முட்டை இருபது ஆண்டு காத்திருந்தது. நாற்பதில் விழித்தது நாற்பது ஆண்டு. நெடுநாள் காத்திருப்பில் பங்கீடு தவறும் வாய்ப்பு கூடுகிறது. 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்துவிட்டால் அது டவுன் நோய்க்குறி. பிரான்சில் 1959இல் இது கண்டறியப்பட்டது. இத்தகைய குழந்தையைக் கிரகணத்தின் விளைவு என்றும், கண்ணேறு என்றும், தாய் செய்த பாவம் என்றும் பேசுவோர் இன்றும் உண்டு. ஒரு நுண்ணிய நூல் ஒரு கணம் இழுக்கத் தவறியது என்பதைத் தவிர அங்கே வேறெதுவும் நிகழவில்லை.

நம் சமுதாயத்துக்கு நெருக்கமான கேள்வி இன்னும் ஒன்று. தாய்மாமனுக்கு மருமகளை மணமுடிக்கும் வழக்கம் தமிழகத்தில் பலரிடம் உண்டு. நம்மிடம் அது விலக்கப்பட்டது. ஆனால் மாமன் மகள், மாமி மகள், சாச்சா மகள், சின்னம்மா மகள் ஆகியோரை மணப்பது ஆகும். சொத்து வெளியே போகாது, பெண் பழகிய வீட்டிலேயே இருப்பாள் என்பதற்காக விரும்பிச் செய்கிறோம். இதில் அச்சம் கொள்ள எவ்வளவு இருக்கிறது?

தொயாமாவின் வெள்ளைக் கூட்டை நினைவுகூருங்கள். மஞ்சளுக்குள் மறைந்திருந்த வெள்ளை, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் வெளிப்பட்டது. மறைந்து வரும் நோய்களும் அப்படியே. ஒருவரிடம் பழுதான அட்டை ஒன்றும் நல்ல அட்டை ஒன்றும் இருந்தால் அவருக்கு நோய் தெரியாது. தாத்தாவிடம் அத்தகைய பழுது ஒன்று இருந்ததாகக் கொள்வோம். பேரனிடம் அது வந்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு, பேத்திக்கும் அவ்வாறே. இருவரிடமும் இருக்கப் பதினாறில் ஒன்று. அவ்விருவரும் மணந்து, பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பழுதும் சேர அறுபத்து நாலில் ஒன்று. அந்நியத்தில் மணந்தால், அரிய நோய்களைப் பொறுத்தவரை, இவ்வாய்ப்பு மிக மிகக் குறைவு. எல்லா நோய்களையும் சேர்த்துப் பார்த்தால், பிறவிக் குறைபாடு பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகளிடம் காணப்படுகிறது. முதல் உறவில் மணந்தோரிடம் அது ஏறத்தாழ இருமடங்காகிறது. அதாவது, அவர்களின் குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள் கொண்டு கொடுத்து வந்தாலோ, பிறவிச் செவிடோ, குழந்தைப் பருவ மரணமோ முன்பே அக்குடும்பத்தில் நேர்ந்திருந்தாலோ கணக்கு கடுமையாகிவிடும்.

தலசீமியா என்னும் இரத்த நோயை எடுத்துக்கொள்வோம். பழுதான அட்டை ஒன்றை மட்டும் சுமப்பவருக்கு இலேசான சோகை தவிர வேறு குறை தெரியாது. இருவரும் சுமப்பவராயின், ஒவ்வொரு கருவுறுதலிலும் நாலில் ஒரு வாய்ப்பில் குழந்தைக்கு நோய் வரும். வாழ்நாள் முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற வேறு மருந்தும் வேண்டும். சுமப்பவரா இல்லையா என்பதை இரத்தத்தில் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனை காட்டிவிடும். நாலைந்து மில்லி இரத்தம் போதும். சேலை எடுக்கக் காஞ்சிக்குப் புறப்படும் முன்பே, நிச்சயம் பேசும் போதே, இரு வீட்டாரும் இதைச் செய்துகொள்ளலாம்.